கப்பலேறிய காக்கை



எங்கள் கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று ஒரு பட்டப்பெயர். வீட்டுக்கு ஒருவர் அங்கே சம்பாதித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அத்தா போனது நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி. நான் போனது விமானத்தில். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான், கடைக் கணக்கு. அத்தா ஊருக்கு எழுதும் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘ஞாயிற்றுக்கிழமை பூமலைக்குப் போய் வந்தேன்.’

பூமலை என்பது சிங்கப்பூர்த் தமிழர்கள் அங்குள்ள தாவரவியல் தோட்டத்துக்கு வைத்த பெயர். 1859-ல் தொடங்கியது. 82 ஹெக்டேர். நம் பக்கத்துக் கணக்கில் முப்பது வேலி. 2015-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. காலை ஐந்து மணிக்குத் திறந்தால் நள்ளிரவில்தான் மூடுவார்கள். உள்ளே போகக் காசு கிடையாது. கணக்குப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

முதல் தடவை போனபோது எனக்கு ஏமாற்றம்தான். காணாததைக் காணலாம் என்று போனால், மரத்தில் உட்கார்ந்து கத்துவது காக்கை. புல்லில் நடப்பது மைனா. நிழலுக்கு ஒதுங்கினால் தூங்குமூஞ்சி மரம். சற்றுத் தள்ளி, நம்மூர்ச் சிவன் கோயில்களில் நிற்குமே, அந்த நாகலிங்க மரம். இதற்கா பஸ் பிடித்து வந்தோம் என்றிருந்தது.

பிறகு ஞாயிறு தவறாமல் போகத் தொடங்கினேன். ஒரே மரத்தடியில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருவேன். ஊர் வழக்கப்படி அத்தர் பூசிக்கொண்டுதான் போவேன். பறவைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உட்காரப் பழகிய பின்தான் வித்தியாசங்கள் தெரிந்தன. நம்மூர் மைனா பழுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். அங்கே அதிகம் திரிவது கருஞ்சாம்பல் நிறம். கண் மட்டும் மஞ்சள். அது சாவகத்து மைனா, கூண்டில் வளர்க்கக் கொண்டுவந்து வெளியே பரவியது. தூங்குமூஞ்சியும் நாகலிங்கமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நாம்தான் இரண்டையும் நம்மூர் மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

காக்கையின் கதை இன்னும் சுவையானது. 1890-களில் மலாயாவின் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லை. புழு தின்ன ஆள் வேண்டுமே! இலங்கையிலிருந்து காக்கைகளைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை திரும்பவில்லை. காக்கை பெருகியதும் குயிலுக்குக் கவலை விட்டது. முன்பு பருவத்துக்கு மட்டும் வந்துபோன குயில், சிங்கப்பூரிலேயே தங்கிக் காக்கைக் கூட்டில் முட்டையிட ஆரம்பித்தது. இங்கே சித்திரை மாதம் குயில் கூவினால் உருகுகிறோம். அங்கே விடியற்காலைத் தூக்கம் போகிறது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

ரப்பரைச் சொன்னேனே, அதற்கும் பூமலைக்கும் நெருங்கிய உறவு. பிரேசிலில் எடுத்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-ல் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்துக்குச் சேதமில்லாமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பட்டை சீவும் கத்தியைக் கையில் எடுத்து இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குள் போனவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ச் சனங்கள். பால்மரக் காடு என்று அவர்கள் சொன்னது அதைத்தான். ரப்பர் விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வழவழவென்று, பழுப்பில் புள்ளியும் கோடும் போட்டு, பெருத்த ஆமணக்கு விதை போல இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான். காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதை தூரப் போய் விழும். விதையைத் தரையில் சூடு பறக்கத் தேய்த்து அடுத்தவன் கையில் வைத்துச் சுடுவது தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டு.

நான் மறக்காத காட்சி பூமலையில் இல்லை, அதே சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில். அந்தப் பூங்காவை ஒட்டி ஓடிய காலாங் ஆறு ஒரு காலத்தில் கான்கிரீட் வாய்க்கால். அதைப் பெயர்த்தெடுத்து, வளைவும் கரையும் புல்லுமாகப் பழையபடி ஆறாக்கி 2012-ல் திறந்தார்கள். ஒருநாள் காலையில் அங்கே கூட்டம். என்னவென்று எட்டிப் பார்த்தால், நீர்நாய்க் குடும்பம்! ஒன்று கரையேறி மணலில் புரண்டு ஈரத்தைத் துடைத்துக்கொண்டது. இன்னொன்று மீனை இரண்டு முன்கையாலும் பிடித்துத் தலையிலிருந்து கடித்தது. முள் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. குட்டிகள் பங்கு கேட்டுக் கீச்சிட்டன. சிங்கப்பூரில் அற்றுப்போயிருந்த விலங்கு அது. நதிகளைச் சுத்தப்படுத்தியபின் 1990-களின் கடைசியில் தானாகத் திரும்பி வந்தது. யாரும் கப்பலேற்றவில்லை.

நம் காவிரியில் இருப்பதும் அதே இனம்தான். சங்கப் புலவர்களுக்கே தெரிந்த விலங்கு. அதைப் பார்க்க நான் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

ஊர் திரும்பி வருடங்களாகின்றன. கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் போடும் வேலை நடந்தபோது, தண்ணீர் நிலத்துக்குள் இறங்காதே என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும் என்றது எதிர்த்தரப்பு. கடைமடைக்காரனுக்கு அந்த வாதமும் புரியும். எனக்கோ வாய்க்காலைப் பெயர்த்த காலாங் ஆறுதான் நினைவுக்கு வந்தது.

போன மாசியில் அணைக்கரைக்குப் போயிருந்தேன். கொள்ளிடக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார் ஒரு மீனவர். இந்தப் பக்கம் நீர்நாய் வருமா என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். வலையில் ஒரு முழம் அகலத்துக்குக் கிழிசல். அதில் விரலை விட்டுக் காட்டினார்.

“நீங்க பாத்தா சொல்லுங்க பாய். இதுக்குக் காசு வாங்கணும்.”