முதலில் இடது கை

காலை ஆறு மணி. அடுப்பில் பால் பொங்குகிறது, குழாயில் தண்ணீர் நிற்கப்போகிறது, உள்ளிருந்து மனைவி கூப்பிடுகிறாள். பக்கவாதம் வந்து அவளுக்கு இடது பக்கம் விழுந்து மூன்று வருடம். போட்டது போட்டபடி ஓடினேன். படுக்கை நனைந்திருந்தது.

அவசரத்தில் நைட்டியை வலது கையில் முதலில் மாட்டிவிட்டேன். இடது கை மடங்கி, துடித்துப்போனாள். எனக்கு மனசே ஆறவில்லை. போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். தளர்ந்த தோள்மூட்டைப் பிடித்து இழுக்கவே கூடாது.

ஊட்டும்போதும் நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே. படுக்கவைத்து ஊட்டினால் உணவு புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

உதவியும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இட்லி ஆறுகிறது, அவள் காத்திருக்கிறாள்.