மெலிந்த பின்னர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்றொருவர் வாழ்ந்தார். ஈமச் சடங்குகளுக்கு வேண்டிய ஒழுங்குகளைச் செய்து கொடுப்பது அவருடைய குடும்பத் தொழில். அரச குடும்பத்தாரின் இறுதி ஊர்வலங்களையும் நடத்திய குடும்பம் அது. செல்வத்துக்கோ மதிப்புக்கோ குறைவில்லை. எனினும் மாடிப்படிகளில் அவர் பின்னோக்கியே இறங்க வேண்டியிருந்தது. முன்னோக்கி இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் உடற்பாரத்தைத் தாங்கமாட்டா. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதும் அவரால் ஆகாத காரியம். 1862ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய எடை 202 இறாத்தல். உயரமோ ஐந்தடி ஐந்தங்குலம்.

காது மந்தமாகிவிட்டதென்று அவர் ஹார்வி என்ற செவி வைத்தியரை நாடினார். வைத்தியர் காதைப் பார்த்தார். பின்னர் வயிற்றைப் பார்த்தார். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கும்படி பணித்தார். ஓராண்டில் 46 இறாத்தல் குறைந்தது. இடையும் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கியது. காதும் தெளிவாகக் கேட்கத் தொடங்கிற்று. மகிழ்ச்சி மிகுந்த பான்டிங், 1863இல் தம் அனுபவத்தைச் சிறு நூலாக எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

அந்நூலில் உணவு முறையைக் காட்டிலும் கவனிக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. பருத்த மனிதன் பொதுக் கூட்டங்களிலும் வண்டிகளிலும் தெருவிலும் படும் ஏளனத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது அப்பகுதி. நோயின் வேதனையைப் போலவே பிறருடைய சிரிப்பும் அவரை வருத்தியிருக்கிறது. மெலிந்தால் சிரிப்பு நின்றுவிடும் என்று அவர் எண்ணியிருந்தால் அது நிறைவேறவில்லை. வைத்திய உலகினர் பலர் அவரை எள்ளி நகையாடினர். ஆங்கில மொழியிலோ அவருடைய பெயரே உணவைக் குறைப்பதைச் சுட்டும் வினைச்சொல்லாகி வழங்கிற்று. ஆங்கிலேயர் பின்னர் அச்சொல்லைப் பெரிதும் மறந்தனர். ஆனால் கடல் கடந்து சென்ற அச்சொல், சுவீடன் நாட்டு மொழியில் ‘பன்டா’ என்று நிலைத்துவிட்டது. மெலிவதற்காக உணவைக் கட்டுப்படுத்துவதற்கு அந்நாட்டார் இன்றும் வழங்கும் சொல் அதுவே.

அதே சுவீடனில், மெலிந்தோரின் வாழ்க்கையை நெடுங்காலம் தொடர்ந்து நோக்கிய பேராராய்ச்சி ஒன்று 1987இல் தொடங்கியது. இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சை பெற்ற ஏறக்குறைய இரண்டாயிரம் பேரையும், அச்சிகிச்சை பெறாத, அவர்களை ஒத்த உடற்பருமன் உடைய ஏறக்குறைய இரண்டாயிரம் பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். சிகிச்சை பெற்றவர்களிடையே மரணங்கள் குறைந்திருந்தன என்று 2007இல் அறிவித்தனர். நீரிழிவும் குறைந்தது. இவற்றை மறுப்பாரில்லை. பெரும் பருமன் உயிரைக் குடிக்கும் நோய். அதனினின்று மீள்வது நன்மையே. இனிச் சொல்லப்படுவன யாவும் அந்த நன்மையை ஏற்றுக்கொண்ட பின்னரே சொல்லப்படுவன.

2018இல் அவ்வாராய்ச்சியாளர் வேறொரு கணக்கை வெளியிட்டனர். இதை எதிர்பார்த்தவர் சிலரே. சிகிச்சைக்கு முன் துணையில்லாமல் இருந்தவர்களிடையே, மெலிந்த பின்னர் மணம் புரிந்தோரும் துணை தேடிக்கொண்டோரும் மிகுந்திருந்தனர். சிகிச்சைக்கு முன் துணையோடு வாழ்ந்தவர்களிடையே பிரிவும் விவாகரத்தும் மிகுந்திருந்தன. அதிக எடை குறைந்தவர்களிடம் இம்மாற்றங்கள் இன்னும் கூடுதலாகக் காணப்பட்டன. பெரும்பான்மையான குடும்பங்கள் குலையவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒருவருடைய வயிற்றிலே செய்யப்பட்ட சிகிச்சை இருவருடைய வாழ்க்கையைத் தொட்டிருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? எண்கள் காரணம் கூறுவதில்லை. ஆனால் ஒரு வீட்டின் நடைமுறையை நினைத்துப் பார்த்தால் சிறிது விளங்கும். பருத்த மனைவி வெளியே போக விரும்பமாட்டாள். கணவனே கடைக்கும் கூட்டங்களுக்கும் போய் வருவான். அவள் சமைப்பாள், இருவரும் சேர்ந்து உண்பார்கள்; மாலைப் பொழுதின் இன்பமே அந்த உணவுதான். இப்போது அவள் நான்கு கவளத்தோடு எழுந்துவிடுகிறாள். நடைக்குப் போகிறாள், புதிய சேலை எடுக்கிறாள், கருத்தைத் துணிந்து சொல்கிறாள். அவன் பெருமைப்படலாம். அஞ்சவும் கூடும். ‘நீ முன்னிருந்த ஆள் அல்ல’ என்று அவன் சொன்னால் அது பொய்யுமல்ல. தன்னை எண்ணித் தாழ்ந்திருந்த ஒருவர், வேறிடம் கிடையாதென்று பொறுத்துக்கொண்டிருந்த கொடுமையை இனிப் பொறுக்க மறுப்பதும் உண்டு. அவ்வாறு நேர்ந்த பிரிவு துன்பமா, விடுதலையா என்பதை வெளியே நிற்பவர் தீர்மானிக்க முடியாது.

மெலிந்தவர்களைத் திகைக்க வைக்கும் இன்னொன்று, பிறருடைய அன்பு. முன்பு கடையில் தலை நிமிர்ந்தும் பாராத சிப்பந்தி இப்போது முகமலர்ந்து வரவேற்கிறான். பஸ் வண்டியில் பக்கத்து ஆசனம் காலியாக இருப்பதில்லை. மேலதிகாரி ஆலோசனை கேட்கிறார். முதலில் இது இனிக்கிறது. சில மாதங்களில் கசக்கத் தொடங்குகிறது. ஏனெனில் இன்றைய மரியாதை, அன்றைய அவமரியாதை கற்பனையல்ல என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. அறிவும் குணமும் அன்றிருந்தவையே. மாறியது தசை ஒன்றுதான். அப்படியானால் இவர்கள் நேசிப்பது யாரை? இந்தக் கேள்வி உள்ளே நுழைந்துவிட்டால், புகழ்ச்சியொன்றையும் நம்பி ஏற்க முடியாமற் போகிறது.

அந்த அவமதிப்பு எத்துணை ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதை 1991இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. சத்திரசிகிச்சையால் நூறு இறாத்தலுக்கு மேல் இழந்து, அந்நிலையை ஆண்டுக்கணக்காகக் காத்துவந்த 47 பேரிடம் சில வினாக்கள் கேட்கப்பட்டன. பழைய பருமனோடு பெருங் கோடீசுவரராக வாழ விருப்பமா, மெலிந்த உடலோடு இன்றிருக்கும்படி வாழ விருப்பமா? செல்வம் வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. பழைய பருமனுக்குத் திரும்புவதைவிடச் செவிடாகிவிடுவது மேல் என்றனர் அனைவரும். ஒரு காலை இழப்பது மேல் என்றும், கண் பார்வை போவது மேல் என்றும் பத்தில் ஒன்பது பேரளவில் விடையளித்தனர். செவிட்டுக்கு மருந்து தேடிப் போய் மெலிந்தவர் பான்டிங். இவர்களோ மெலிவைக் காப்பாற்றச் செவியையே கொடுக்கத் துணிந்தார்கள். இதைக் கேட்டு அவர்களுடைய மன உறுதியை வியப்பவர் உண்டு. உலகம் அவர்களை எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்று எண்ணுவதே பொருத்தம்.

உடலை உள்ளம் உடனே பின்தொடர்வதுமில்லை. பாதி எடை இழந்தவர் அகன்ற வாயிலிலும் பக்கவாட்டிலே திரும்பி நுழைகிறார். கதிரையில் அமருமுன் அதன் கால்களைப் பார்க்கிறார். கடையில் பழைய அளவுச் சட்டையையே கை தேடுகிறது. கண்ணாடியிலும் அமைதியில்லை. நீண்ட காலம் விரிந்திருந்த தோல் முழுவதும் சுருங்காமல் வயிற்றிலும் புயத்திலும் தொங்குகிறது. ஊரார் பாராட்டும் உடலைத் தனியறையில் தாமே பார்க்கக் கூசுபவர்கள் பலர்.

துயரம் வந்தால் உண்டு ஆறியவர்களின் கதை மேலும் கடினம். உணவு அவர்களுக்குப் பசி தீர்ப்பது மாத்திரமன்று. தனிமைக்குத் துணை, கோபத்துக்கு மருந்து. இரைப்பை சுருங்கிய பின் அத்துயரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அமெரிக்க வைத்தியசாலைகள் பத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரை நோக்கிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. சிகிச்சைக்கு முன் நூற்றுக்கு 7.6 பேரிடம் காணப்பட்ட மதுப்பழக்கக் கோளாறு, சிகிச்சைக்குப் பின் இரண்டாமாண்டில் 9.6 பேரிடம் காணப்பட்டது. இரைப்பையைத் தாண்டி வழி அமைக்கும் சிகிச்சையின் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுவதும் இதற்கொரு காரணம்.

தமிழர் வீடுகளில் இத்துன்பம் வேறொரு வடிவம் கொள்கிறது. இங்கே ‘உடம்பு வைத்திருக்கிறது’ என்பது வாழ்த்து. மெலிவது துக்கத்துக்கும் வறுமைக்கும் நோய்க்கும் அடையாளம். நீரிழிவுக்கு அஞ்சி அரும்பாடுபட்டு மெலிந்த ஒருவர் கலியாண வீட்டுக்குப் போகிறார். “என்ன தம்பி, இப்படி உருகிப் போனீர்? சீனி வருத்தமோ? வீட்டிலே ஏதும் பிரச்சினையோ?” என்று நால்வர் கேட்பார்கள். நாலாவது ஆள் கேட்கும்போது அவருக்கே ஐயம் பிறந்துவிடும். பந்தியில் ‘போதும்’ என்று இலையை மறைத்தால் பரிமாறும் மாமிக்கு மனத்தாங்கல். அவளுடைய கரண்டியில் இருப்பது சோறு மட்டுமல்ல. உறவும் அதில் இருக்கிறது. ஒரு கரண்டியை மறுத்து மற்றதை ஏற்றுக்கொள்ளும் வித்தை எவருக்கும் எளிதில் வருவதில்லை. மேல்நாட்டில் மெலிந்தவரை அளவுக்கு மேல் புகழ்ந்து கலங்க வைக்கிறார்கள். இங்கே அளவுக்கு மேல் இரங்கிக் கலங்க வைக்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் வாரம் ஒருமுறை ஏற்றும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. அவற்றிலொன்று எடை குறைப்புக்கென 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கத்தியின்றியே பெருமளவு எடை குறைவதால், மேலே கூறிய அனுபவங்கள் இன்னும் பல வீடுகளுக்கு வரவிருக்கின்றன.

இதையறிந்த வைத்தியசாலைகள் பலவற்றில், சத்திரசிகிச்சைக்கு முன்னரே உளவியல் அறிஞர் நோயாளியோடு பேசுகிறார். கணவனையோ மனைவியையோ உடனழைத்து வரச் சொல்வதும் உண்டு. ஆனால் முதலாண்டில் தவறாது வருபவர்கள் நாளடைவில் வராதொழிகிறார்கள். எடை குறைந்தாயிற்று, இனி எதற்கு என்பது அவர்கள் எண்ணம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இச்சிகிச்சை பெற்ற 8,815 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்தோர் தொகையில் சிறியவரே. எனினும் அத்தகைய நிகழ்ச்சிகள் சிகிச்சைக்கு முந்திய காலத்தினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உயர்ந்திருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை நிகழ்ந்தது முதலாண்டில் அன்று. இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில்.