செலவுக்குப் பணம் தந்தால் கடமை முடிந்ததா?

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

இங்கே கடை நடத்துபவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யார் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் பேரேட்டைப் புரட்டாமலேயே சொல்லிவிடுவீர்கள். உங்கள் மகனின் வகுப்பாசிரியர் பெயர் என்ன? மகள் எந்தப் பாடத்தில் திணறுகிறாள்? இதற்கு எத்தனை பேர் உடனே பதில் சொல்வீர்கள்?

"அதையெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறோம். பிள்ளை எழும் முன்பே கடைக்குப் போகிறோம். பிள்ளை தூங்கிய பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு வருகிறோம். சபுரில் இருப்பவர்களோ வருடக்கணக்கில் பிள்ளையைப் பிரிந்திருக்கிறார்கள். உழைப்பதெல்லாம் பிள்ளைகளுக்காகத்தான், மறுக்கவில்லை. ஆனால் பணம் அனுப்பியதோடு வாப்பாவின் கடமை தீர்ந்துவிடுமா?

ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி அவர் விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தம் குடும்பத்துக்கு ஆண் பொறுப்பாளர் என்பதும் அதே ஹதீஸில்தான் வருகிறது.

திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனிடம் பேசுகிறார்கள். 'என் அருமை மகனே' என்ற அழைப்பு அங்கே மூன்று முறை வருகிறது. இணைவைக்காதே என்று தொடங்கி, தொழுகை, பொறுமை, கர்வமில்லாத நடை, தாழ்ந்த குரல் வரை அந்தத் தந்தையே சொல்லித் தருகிறார். வேறொருவரிடம் ஒப்படைக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களை விட வேலைப்பளு நமக்கு அதிகமா? மதீனாவின் ஆட்சித் தலைவராக இருந்தார்கள். அந்த நிலையிலும் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டு தொழுதார்கள். ஸஜ்தாவில் இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ பின் ஹாபிஸிடம், இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்றார்கள்.

சமுதாயக் கணக்குக்கு வருவோம். 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? 6 முதல் 14 வயது வரையுள்ள இந்திய முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதத்தினர் பள்ளிக்கே போகாதவர்கள், அல்லது பாதியில் நின்றவர்கள்! தமிழகத்தில் நாம் போராடினோம், 2007இல் 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு கிடைத்தது. பத்தாம் வகுப்போடு மகனைக் கல்லாவில் உட்கார வைத்தால், அந்த இடத்தில் யார் போய் அமர்வது?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது. போய் உட்காருங்கள்!

வளரும் மகனுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். வாப்பா கிடைக்காவிட்டால் தெருமுனையில் யாராவது கிடைப்பார்கள். அவர்கள் என்ன கற்றுக்கொடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வணிகர்களே! வாரத்தில் ஒரு நாளாவது இஷாவுக்கு முன் கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிடுங்கள். மகனைக் கைப்பிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்து வாருங்கள். மகளின் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். சபுரில் இருப்பவர்களே! போனில் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள், மனதையும் கேளுங்கள். இளைஞர்களே! நாளை நீங்களும் தந்தையர். இன்று தம்பி, தங்கையிடமிருந்து தொடங்குங்கள்.

கடையில் விட்ட லாபத்தை அடுத்த பெருநாள் சீசனில் பிடிக்கலாம். பிள்ளையின் பருவம் திரும்ப வராது. கடமை உணர்ந்த தந்தையராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.