ஒரு நோய்க்குப் பின்னே மறையும் மற்றொன்று
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். உற்றாரையும் ஊரையும் விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு உடல்நலமே முதற்செல்வம்; ஆதலின் பேசத் துணிந்தோம்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882இல் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். 1956இல் சென்னையில் தோன்றிய காசநோய் ஆய்வு நிலையமோ, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்று மெய்ப்பித்தது. இன்று பெரும்பாலோர்க்கு ஆறு திங்கள் மருந்தே போதுமானது.

ஆயினும், இந்நோயே சிலவேளை நுரையீரல் புற்றுநோய்க்குத் திரையாகிவிடுகிறது. நீடித்த இருமல், கோழையில் இரத்தம், பசியின்மை, உடல் மெலிவு ஆகியவை இரண்டிற்கும் பொது. எக்ஸ்ரே படத்தில் தோன்றும் நிழலும் ஒன்றுபோலவே இருத்தல் கூடும். 1810இல் பிரெஞ்சு மருத்துவர் பேல், நுரையீரல் புற்றுநோயைக் காசநோயின் ஒரு வகையாகவே எண்ணி எழுதினார் என்றால், இம்மயக்கம் எத்துணைப் பழமையானது என்பது விளங்கும்.

இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தல் அரிது, ஆனால் இல்லாததன்று. நாட்பட்ட அழற்சியும் வடுவும் புற்றுநோய்க்கு இடந்தரலாம். புற்றுநோயால் உடல் தளரும்போது உறங்கிக் கிடந்த காசக்கிருமி விழித்தெழலும் உண்டு. ஆகவே, கோழையில் கிருமி கண்டதனால் புற்றுநோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது.

காசநோய் மருந்தை முறையாக உண்டும் இருமலும் மெலிவும் நீங்காவிடின், அல்லது படத்தில் நிழல் வளருமாயின், மீண்டும் ஆராயுமாறு மருத்துவரைக் கேட்பது நம் கடமை. கிருமி மருந்துக்கு அடங்காமையும் காரணமாகலாம், புற்றுநோயும் காரணமாகலாம். சி.டி. ஸ்கேனும், சிறு தசைத் துணுக்கை எடுத்துச் செய்யும் பயாப்ஸி சோதனையும் உண்மையை உரைக்கும். காலந்தாழ்த்தினால், அறுவையால் நீக்கத்தக்க கட்டியும் பரவிவிடும். அதற்காக அஞ்சி, காசநோய் மருந்தைத் தாமே நிறுத்துவதும் தகாது.

மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பத்தார் பழைய எக்ஸ்ரே படங்களையும் மருத்துவச் சீட்டுகளையும் பாத்திரம் பண்டங்களோடு பேணிக் கொண்டு செல்க! முன்னைய படத்தோடு ஒப்பிட்டால், பழைய வடு எது, புதிய கட்டி எது என்பது தெளிவாகும். பீடியும் சிகரெட்டும் இரு நோய்க்கும் துணை, அவற்றை விலக்குக. புகையாதவர்க்கும் இப்புற்றுநோய் வருவதுண்டு. ஆதலின் பெண்டிரின் இருமலையும் புறக்கணியாதீர்.

ஒரு நோயைக் கண்டதும் தேடுதல் முடிந்ததெனக் கொள்ளாதிருப்போமாக!