பெரிய பெட்டியும் சிறிய கண்ணும்



மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. குறுமுனிவர் எனப் பெயர் பெற்ற அகத்தியரையும், மூன்றடி மண் கேட்டு மூவுலகும் அளந்த வாமனரையும் பற்றிக் கேட்டு வளர்ந்த தமிழருக்குச் சிறியதனுள் பெரியது அடங்கும் என்பது புதுமையன்று. ஆனால், பெரியதனுள் சிறியது அடங்கியிருந்தால் அதனை எவ்வாறு மதிப்பது? உருவம் பெரிதாய், உள்ளிருக்கும் கண் சிறிதாய் ஒரு கருவி வந்து நின்றால், அதனைக் கொள்வதா, தள்ளுவதா? இவ்வினாவை எழுப்பிய ஒரு கமராவைப் பற்றியதே இன்றைய பேச்சு.

கண்டி மாநகரில் புகைப்பட நிலையம் நடத்தும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாமனார் நாற்பது ஆண்டுகளாகத் திருமண வீடுகளிலும் பெரஹராவிலும் படமெடுத்து வருபவர். அவருக்குத் துணை நிற்பவன் அவருடைய தமக்கையின் மகன். பழைய கமரா ஓய்ந்துவிட்டது. கையில் உள்ள சேமிப்போ ஒன்றே ஒன்று வாங்கத்தான் போதும். தவறாகத் தேர்ந்தால் ஓராண்டு உழைப்பு வீணாகும்; வாடிக்கையாளர் வேறு கடை தேடுவர். ஆகவே, அவ்வீட்டில் எழும் விவாதம் வெறும் பொழுதுபோக்கு அன்று. அடுப்பெரிவதைப் பற்றிய விவாதம்.

மருமகன் விரும்புவது ஒலிம்பஸ் நிறுவனத்தாரின் ஓஎம்-டி ஈ-எம்1எக்ஸ் என்னும் கமரா. கைமாறி வந்த ஒன்று நல்ல நிலையில் இருப்பதாக அவன் அறிந்திருக்கிறான். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, இத்தனை பெரிய பெட்டிக்குள் இத்தனை சிறிய கண்ணா? கோவில் வாசலைப் போலக் கதவு. உள்ளே போனால் எலிவளை!" என்கிறார் அவர். "மாமா, பெட்டியைப் பார்க்காதீர்கள், அது செய்யும் வேலையைப் பாருங்கள்" என்கிறான் அவன். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எவ்வளவு உண்டு என்பதை ஆராய்தல் வேண்டும்.

பெரிய பெட்டி என்றால் பெரிய கண் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கு விடை கண்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1860களின் பிற்பகுதியில் கண்டியில் தொழில் நடத்தியவர் யோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர். இலங்கையின் தொன்மைச் சின்னங்களைப் பதிவு செய்வதற்கென ஆளுநர் சேர் ஹேர்குலிஸ் ரொபின்சன் 1868இல் ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவின் பொருட்டு 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களுக்குச் சென்று லோட்டன் எடுத்த படங்கள் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்கு முன்னரே படமெடுத்து, அது காய்வதற்கு முன்னரே கழுவியும் ஆகவேண்டும். ஆகையால், செல்லுமிடமெல்லாம் இருட்டறையையும் உடன் கொண்டு செல்லவேண்டியிருந்தது. தகட்டைத் தாளின்மேல் வைத்தே படியெடுத்தனர். எனவே தகடு எவ்வளவோ படமும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமாயின் பெரிய தகடு. பெரிய தகடு வேண்டுமாயின் பெரிய பெட்டி. கட்டாயத்தினால் பிறந்த அளவு அது. தமது அரும்பணியை முடித்த சிறிது காலத்திலேயே, 1872இல், லோட்டன் காலமானார்.

பின்பு பெட்டி சுருங்கத் தொடங்கிற்று. 1925இல் ஜெர்மனியிலிருந்து லைக்கா என்னும் கமரா சந்தைக்கு வந்தது. அதன் படச்சட்டம் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. பெரிய தகட்டில் பழகியவர்கள் அதனைக் குட்டிக் கமரா என்றே அழைத்தனர். இன்று அதே அளவையே முழுச்சட்டம் என்று பெருமையுடன் போற்றுகிறோம்! நேற்றைய குட்டி இன்றைய அரசனாகிவிட்டது. அளவைப் பற்றிய மதிப்பு காலத்தோடு மாறுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சிறுமையில் பெருமை காணும் மரபு ஒலிம்பஸ் நிறுவனத்தாருக்கு நெடுங்காலமாக உண்டு. 1959இல் அவர்கள் வெளியிட்ட பென் என்னும் கமரா லைக்காவின் சட்டத்தில் பாதியையே பயன்படுத்தியது. அதனை அமைத்த யொஷிஹிசா மைத்தானி என்னும் பொறியியலாளரே, 1972இல், பிற்பாடு ஓஎம்-1 எனப் பெயர் பெற்ற கமராவையும் உருவாக்கினார். தன் இனத்துக் கமராக்களினும் சிறியதாய், எடை குறைந்ததாய் இருந்தமையே அதன் புகழுக்குக் காரணம்.

மின்னணுக் காலம் வந்தபின், 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஒலிம்பஸும் பனசோனிக்கும் இணைந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் முறையை அறிவித்தன. இம்முறையில் ஒளியை வாங்கும் உணரியின் நீளம் 17.3 மில்லிமீற்றர், அகலம் 13 மில்லிமீற்றர். முழுச்சட்டத்தோடு ஒப்பிட்டால் பரப்பளவு ஏறத்தாழ நாலில் ஒன்று. கண் சிறிதானால் வில்லையும் சிறிதாகும், பெட்டியும் சிறிதாகும், தோள் தப்பும் என்பதே அம்முறையின் வாக்குறுதி.

இவ்வாறிருக்க, நிறுவனம் நூற்றாண்டு கண்ட 2019இல், சனவரி மாதத்தில், அதே உணரியோடு ஈ-எம்1எக்ஸ் வெளிவந்தது. அதன் அகலமும் உயரமும் ஏறத்தாழ 14.5 சென்ரிமீற்றர் வீதம். இரு மின்கலங்களுடன் எடை 997 கிராம். விலை ஏறத்தாழ 3,000 அமெரிக்க டொலர். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த சோனி ஏ7 மூன்றாம் மாதிரியோ முழுச்சட்ட உணரி உடையது. எடை 650 கிராம். விலை ஏறத்தாழ 2,000 டொலர். மாமனார் போன்றோர் வியந்ததிலும் வெகுண்டதிலும் தவறு இல்லை. சிறியதாய் இருப்போம் என்று சொல்லிப் பிறந்த குலத்தில் இப்படி ஒரு பீமன் தோன்றலாமா என்று அவர்கள் கேட்டனர்.

அதற்கு மருமகன் கூறும் மறுமொழியைக் கேளுங்கள். "மாமா, பெட்டி பெரிதானது கண்ணுக்காக அல்ல, கைக்காக. குறுக்கே பிடித்தாலும் நெடுக்கே பிடித்தாலும் ஒரே பிடி, ஒரே பொத்தான்கள். நீண்ட வில்லையை மாட்டினால் முன்பக்கம் கவிழாத சமநிலை. இரு மின்கலங்கள், கணக்கிட இரு செயலிகள், அவற்றின் சூடு தணிய இடம். கை நடுக்கத்தைத் தாங்க உள்ளேயே ஓர் ஏற்பாடு. மழைத்துளி உட்புகாத அடைப்பு." இவை யாவும் உண்மையே. நடுக்கம் தாங்கும் ஏற்பாடு ஏழு படிகள் வரை உதவும் என்று நிறுவனத்தார் கூறினர். ஒவ்வொரு படியும் இருமடங்கு; ஆகவே, ஏட்டுக் கணக்கின்படி 128 மடங்கு நேரம் கையிலேயே பிடித்துப் படமெடுக்கலாம். நடைமுறையில் ஆளுக்கு ஆள் அது குறையும். ஆயினும் அது பெரிய உதவியே.

ஆனால், வழக்கைத் தீர்ப்பது பட்டியல் அன்று, பணியிடம். எனவே, இருவரையும் கண்டி நகரின் மூன்று இடங்களுக்கு அழைத்துச் செல்வோம்.

முதலாவது, எசல பெரஹரா. தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் இரவில் அணிவகுத்து வருகின்றன. பத்தினித் தெய்வம் என்றதும் நம் கண்ணகியின் நினைவு வருமன்றோ? சவுக்கடிப்போர் முன்னே வர, கொப்பரைத் தீப்பந்தங்களின் ஒளியில் நடனக்காரர் சுழன்று வருகின்றனர். யானையின் கண்ணில் மின்னொளி பாய்ச்சுதல் ஆகாது. உள்ள ஒளியைக் கொண்டே எடுக்க வேண்டும். சுழலும் நடனக்காரரை உறையச் செய்ய வேண்டுமாயின், விநாடியின் 250இல் ஒரு பங்குக்கு மேல் திரை திறந்திருத்தல் கூடாது. இங்கே கை நடுக்கம் தாங்கும் ஏற்பாடு என்ன செய்யும்? எடுப்பவன் கையை அது நிறுத்தும். ஆடுபவன் காலை அது நிறுத்தாது! ஒளி குறைந்த இடத்தில், ஒரே துவாரத்தில், ஒரே நேரத்தில், நான்கு மடங்கு பரப்புள்ள உணரி நான்கு மடங்கு ஒளியை வாங்கும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றும் இரைச்சல் குறையும். விளக்குக் குறைந்த திருமண மண்டபத்திலும் இதே கதைதான். இங்கு வெற்றி மாமனாருக்கு.

இரண்டாவது, தலதா மாளிகையின் பின்புறத்தே விரிந்து கிடக்கும் உடவத்தகலைக் காடு. 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 104 ஹெக்டேயர். காலில் அட்டை ஏறுவதைப் பொருட்படுத்தாது நடப்பவனுக்கு, இலங்கைக்கே உரிய மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் உயர்ந்த கிளையில் அமர்ந்திருப்பது தென்படலாம். அதனை அருகிற் கொணர நீண்ட வில்லை வேண்டும். முழுச்சட்டக் கமராவில் 600 மில்லிமீற்றர் வில்லை காட்டும் காட்சியை இச்சிறு உணரியில் 300 மில்லிமீற்றர் வில்லையே காட்டிவிடும். ஒலிம்பஸின் 300 மில்லிமீற்றர் வில்லை, முக்காலிப் பிடியை நீக்கினால், 1,270 கிராம். கமராவையும் சேர்த்தால் இரண்டேகால் கிலோவுக்குச் சற்றே கூடும். அதே துவார எண்ணுள்ள 600 மில்லிமீற்றர் முழுச்சட்ட வில்லையோ தனியாகவே மூன்று கிலோவைத் தாண்டும். விலையோ நிலையத்தை விற்றாலும் கட்டாது. அமர்ந்திருக்கும் பறவை ஆடாது, ஆடுவது கைதான். அதனைக் கமரா தாங்கிக்கொள்ளும். இங்கு வெற்றி மருமகனுக்கு.

எனினும், முழுச்சட்டத்தாருக்கும் ஒரு மறுப்பு உண்டு. அப்பெரிய வில்லை வாங்கும் ஒளியும் பெரிதன்றோ என்பர் அவர்கள். அது மெய்யே. சுமையைக் குறைத்தவன் ஒளியிலும் சிறிது குறைத்தே ஆகவேண்டும். இயற்கை யாருக்கும் இலவசமாகக் கொடுப்பதில்லை.

மூன்றாவது, நகருக்கு அப்பால், மேகம் தவழும் நக்கிள்ஸ் மலைத்தொடர். அங்கே வெயிலும் மழையும் கூடி விளையாடும். நனைந்தும் நிற்காத கமராவும், இரண்டாம் மின்கலமும் அங்கே அருமை. ஆனால், ஏற்றத்தில் ஒவ்வொரு கிராமும் கனக்கும். மலையேறி நிலக்காட்சி எடுக்க வருபவனுக்குப் பெரும்பிடி சுமையே. சிறிய கமராவே போதும். ஆகவே, இங்கு இருவருக்கும் பாதி வெற்றி.

இனி, படத்தின் முடிவான அளவைப் பார்ப்போம். ஈ-எம்1எக்ஸ் தரும் படம் நீளத்தில் 5,184 புள்ளிகளும் அகலத்தில் 3,888 புள்ளிகளும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், 17.3 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் உள்ள படம் கிடைக்கும். வியப்பைப் பாருங்கள்! உணரியில் எத்தனை மில்லிமீற்றரோ, தாளில் அத்தனை அங்குலம். மண்டபத்தில் ஒளி போதிய அளவு இருக்குமாயின், திருமண ஏட்டில் ஒட்டும் படத்தை எந்தக் கமரா எடுத்தது என்று மணமகளின் தாய் கேட்கப்போவதில்லை. மகளின் முகம் மலர்ந்திருக்கிறதா என்றே அவள் பார்ப்பாள்.

காலமும் ஒரு தீர்ப்பு வழங்கியது. 2021 தொடக்கத்தில் ஒலிம்பஸ் தன் கமராத் தொழிலை ஓஎம் டிஜிட்டல் சொலூஷன்ஸ் என்னும் புதிய நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2022இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஓஎம்-1 கமரா, மின்கலத்துடன் 599 கிராமே எடை உடையதாய், அப்பெரிய கமராவின் பணிகளில் பெரும்பாலானவற்றையும் செய்தது. வேண்டுவோர் பிடியைத் தனியே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஆனால், வழக்கு முற்றாக முடிந்ததா? இல்லை. 2023இல் பனசோனிக் தன் ஜி9 இரண்டாம் மாதிரியை, தன் முழுச்சட்டக் கமராவான எஸ்5 இரண்டாம் மாதிரியின் உடலையே பெரும்பாலும் தழுவி அமைத்தது. மீண்டும் பெரிய பெட்டி, சிறிய கண். மீண்டும் அதே விவாதம்.

அவ்வாறாயின், கற்பனை செய்துகொண்ட அந்தக் கண்டிக் குடும்பம் செய்யத்தக்கது யாது? அவர்களுக்குச் சோறு போடுவது திருமண மண்டபமும் பெரஹராவும். இரண்டும் இருளும் அசைவும் கூடிய இடங்கள். எனவே, ஒரே கமரா என்றால், பெரிய கண்ணுடையதையே அவர்கள் வாங்குதல் தக்கது. இந்த அளவில் மாமனார் சொல்லே நிற்கும். ஆனால், அவர் சொன்ன காரணம் நிற்காது. பெட்டி பெரிது என்பதற்காக அன்று. தொழிலுக்கு ஒளி குறைவு என்பதற்காகவே அதனைத் தள்ளவேண்டும். அவர்கள் காட்டுப் பறவைகளையே படமெடுத்து வாழ்பவர்களாயின், அந்தப் பெரிய பெட்டியே அவர்களுக்கு உற்ற துணையாகும்.

மருமகனின் ஆசையையும் புறக்கணித்தல் ஆகாது. ஒரு நாளைக்கு அக்கமராவை இரவல் வாங்கி, காலையில் உடவத்தகலையிலும், மாலையில் ஒளி மங்கிய மண்டபத்திலும் படமெடுத்து, தாம் விற்கும் அளவில் அச்சிட்டு, மேசையில் அருகருகே வைத்து இருவரும் பார்க்கட்டும். வாய்ச்சொல் நூறு செய்யாததை அந்தச் சில தாள்கள் செய்துவிடும். வாங்கிய பின் வருந்துவதினும் வாங்குமுன் ஒரு நாள் செலவிடுதல் நன்று.

நேயர்களே! லோட்டன் சுமந்த பெட்டி பெரியது. அவருக்கு வேறு வழியில்லை. இன்று வழிகள் பல. அதனாலேயே குழப்பமும் பல. கருவியைத் தேர்வோர் முதலில் கேட்கவேண்டியது, இது பெரிதா சிறிதா என்பது அன்று. தாம் நிற்கும் இடத்தில் ஒளி எவ்வளவு, எதிரே நிற்பது அசைவதா அசையாததா, சுமப்பது யார் தோள், செலவாவது யார் பணம் என்பனவே. இந்நான்கிற்கும் விடை கண்டவர் எந்தப் பெட்டியை எடுத்தாலும் ஏமாறமாட்டார்.