நெஞ்செலும்பின் பின்னால் ஒரு பாடசாலை



சென்ற வருடம் வெளிநாட்டிலிருக்கும் என் தங்கை அம்மாவுக்கு ஒரு பொதி அனுப்பினாள். உள்ளே 'தைமோசின் அல்பா 1' என்ற ஊசிமருந்துக் குப்பிகள். இணையத்தில் வாங்கியவை. "பிள்ளை, உதைப் போட்டால் இன்னும் பத்து வருசம் இருப்பனோ?" என்று அம்மா கேட்டார். வைத்தியரான எனக்கே ஒரு கணம் ஆசை வந்தது.

நெஞ்செலும்பின் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. அதன் தொழிலை 1961 இல் லண்டனில் ஜாக் மில்லர் கண்டறிந்தார். நோயை எதிர்க்கும் ரி கலங்களுக்கு அது பாடசாலை. எது நம்முடையது, எது அந்நியம் என்று அவை அங்கேதான் படிக்கின்றன. பருவமடைந்த பின் அது சுருங்கிக் கொழுப்பாகிறது. ஆனால் படித்து வெளியேறிய கலங்கள் பல வருடங்கள் கடமை செய்கின்றன, நம் பழைய மாணவிகளைப் போல.

வளர்ந்தோருக்கும் அது வீணல்ல. நம்மூர் 'அன்னபூரணி' 1938 இல் போய்ச் சேர்ந்த குளொஸ்ரருக்கு அண்மையில், பொஸ்ரனில் செய்த ஆய்வொன்று 2023 இல் வெளியானது. தைமஸ் அகற்றப்பட்டோரில் ஐந்து வருடங்களில் இறந்தோர் 8.1 வீதம், அதை அகற்றாமல் நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்துகொண்டோரில் 2.8 வீதம்.

அப்படியென்றால் அதன் பெப்ரைட்டை ஊசியாக ஏற்றலாமே? தைமோசின் அல்பா 1 என்பது 28 அமினோ அமிலங்களின் சங்கிலி. சில நாடுகளில் நாட்பட்ட ஹெபற்றைற்றிஸ் பி நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து. அமெரிக்காவில் அங்கீகாரம் இல்லை. சீனாவில் செப்சிஸ் என்னும் கடுந்தொற்றுக்கு உள்ளான 1106 பேரிடம் சோதித்து 2025 இல் வெளியிட்ட ஆய்வில் அது மரணத்தைக் குறைக்கவில்லை. சுகமாயிருக்கும் முதியவரின் ஆயுளை அது கூட்டியதாக எந்தப் பெரிய ஆய்வும் காட்டவில்லை. தபாலில் வந்த குப்பிக்குள் என்ன இருக்கிறது, எத்தனை நாள் வெக்கையில் கிடந்தது என்பதற்கும் உத்தரவாதமில்லை.

நான் அந்த ஊசியைப் போடவில்லை. "தூரத்தில இருந்து நான் வேற என்னதான் செய்யிறது?" என்று தங்கை அழுதாள். உங்களில் பலருடைய கேள்வியும் அதுதான் என்று அறிவேன்.

செய்ய நிறைய உண்டு. பெற்றோருக்கு வேண்டிய தடுப்பூசிகளை அவர்களுடைய வைத்தியரிடம் கேட்டுப் போடச் செய்யுங்கள். நீரிழிவு மருந்து தவறுகிறதா என்று விசாரியுங்கள். தேத்தண்ணியும் பாணுமாக இரவுச் சாப்பாட்டை முடிக்காமல் மீன், முட்டை, பருப்பு சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். அவர்களைத் தினமும் நடக்க வையுங்கள்.

இப்போது பின்னேரங்களில் தங்கை தொலைபேசி எடுக்கிறாள். அவளோடு கதைத்தபடி அம்மா கடற்கரை வீதியில் அரை மணித்தியாலம் நடக்கிறார்.