பாடம் செய்தவன் கற்ற பாடம்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் விலங்கியல் துறை முன்னாள் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் தம்பி போன் செய்து, "சார், எதைப் பத்தி வேணாலும் பேசுங்க, பதினைந்து நிமிஷம்தான்" என்றார். 1974 முதல் 2010 வரை இங்கே வகுப்பெடுத்தவனுக்குப் பதினைந்து நிமிஷம் போதாது. ஆனாலும் ஒரே ஒரு கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

எண்பதுகளில் படித்தவர்களுக்கு நம் விலங்கியல் மியூசியத்து மயில் நினைவிருக்கும். உள்ளே நுழைந்தால் வலது கைப்பக்கம், கண்ணாடிப் பெட்டிக்குள் கழுத்தைத் திருப்பியபடி நிற்கும். 1994-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பெட்டி காலியாகத்தான் தெரியும். "மயில் எங்க சார்?" என்று யாராவது கேட்காத கூடுகை கிடையாது. இத்தனை வருஷமும் மழுப்பி வந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

1986-ஆம் வருஷம் ஒருநாள் காலை, இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் சைக்கிள் கேரியரில் ஒரு சாக்குமூட்டையோடு வந்தார். "சார், லாரியில அடிபட்டுக் கிடந்துச்சு. உடம்பு இன்னும் சூடா இருக்கு. நம்ம மியூசியத்துக்கு ஆகுமா?" என்றார். பிரித்தால் ஆண் மயில். ஆகுமாவா! இறந்த விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உயிரோடு இருப்பதுபோல் நிறுத்துவதைப் பாடம் செய்வது என்போம். பழைய லேப் உதவியாளர் ஒருவரிடம் நான் அதைக் கற்றிருந்தேன். வயிற்றைக் கீறித் தோலை முழுசாகக் கழற்றி, கொழுப்பைச் சுரண்டி, வெங்காரமும் ஆர்செனிக் சோப்பும் தடவி, கம்பிச் சட்டத்தில் பஞ்சு சுற்றி, கண்ணாடிக் கண் பதித்து முடிக்க மூன்று இரவுகள் ஆயின. அந்தப் பையன்தான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். அவருக்கு ஒரு மரியாதை செய்யவேண்டும் என்று, அவர் பெயரையும் தேதியையும் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன்.

எட்டு வருஷம் கழித்து, வனத்துறையில் ரேஞ்சராக இருந்த நம் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மயில் முன்னால் நின்று அந்தச் சீட்டைப் படித்தார். பிறகு மெதுவாக, "சார், இதுக்கு பர்மிஷன் வாங்கினீங்களா?" என்றார்.

"செத்த மயிலுக்கு என்னப்பா பர்மிஷன்? நாமளா கொன்னோம்?" என்றேன்.

"செத்துக் கிடந்தாலும் அது அரசாங்கச் சொத்து சார். சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

விலங்கியல் பேராசிரியர் நான். 1963-இல் மயிலை தேசியப் பறவையாக அறிவித்ததை வருஷா வருஷம் வகுப்பில் சொன்னவன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருப்பதும் தெரியும். 39-ஆம் பிரிவை மட்டும் படிக்கவில்லை.

என்னை உலுக்கியது அடுத்த விஷயம். விளக்குப் பிடித்த பையனுக்கு அப்போதுதான் அரசு வேலை கிடைத்து, போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஒரு வழக்கு வந்தால் வேலை போச்சு. ஆதாரம் என் கையெழுத்திலேயே பெட்டியில் ஒட்டியிருக்கிறது! "ராத்திரியோடு ராத்திரியா கொளுத்திடுங்க" என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். சீட்டைக் கிழிக்கக் கையும் நீண்டது, மறைக்கவில்லை. அன்று தூங்கவில்லை. விடிந்ததும் நடந்ததை ஒளிக்காமல் எழுதி, முழுப் பொறுப்பும் என்னுடையது, மாணவர் என் பேச்சைக் கேட்டவர் என்று கையெழுத்துப் போட்டு வனத்துறைக்குக் கொடுத்தேன். மகஜர் எழுதி மயிலை எடுத்துப் போனார்கள். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. பையனை விட்டுவிட்டார்கள். இன்று இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், ஒருமுறை எழுதிப் பட்டது போதும்!

மாணவர்களே, இனி உங்களுக்கு. இறந்து கிடக்கும் காட்டு விலங்கோ பறவையோ உங்கள் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். தொடாமல் தகவல் சொல்வதே நல்லது. நகம், பல், கொம்பு, முட்டை, கூடு எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வரும். மயில் தோகை இறகுக்கு விலக்கு உண்டு, மயிலுக்குக் கிடையாது. படிப்புக்கு வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வழி இருக்கிறது. நான் செய்யாதது அதைத்தான்.

பாடம் செய்வதைத் தொழிலாக நடத்த லைசென்ஸ் வேண்டும். முதல் அட்டவணை விலங்குகளை வைத்து அந்தத் தொழிலே கூடாது என்று 1986-இல் திருத்தம் வந்தது. மைசூரில் புலியும் சிறுத்தையுமாக ஆயிரக்கணக்கில் பாடம் செய்த வான் இங்கன் நிறுவனம் 1999-இல் மூடப்பட்டது. கலை அழியவில்லை, மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் வனத்துறையின் கீழேயே இது முறையாக நடக்கிறது. ஆடு, கோழி போன்ற வளர்ப்புப் பிராணிகளுக்கு இந்தச் சட்டம் இல்லை. கை பழக அவை போதும்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒன்று. தாத்தா காலத்து மான் தலை, சிறுத்தைத் தோல் என்று சில வீடுகளில் இருக்கும். அதற்கு உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அறிவிக்காதவர்களுக்கு 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. வைத்துக்கொள்ள விருப்பமில்லையென்றால், 2022 திருத்தத்தின்படி அரசிடம் ஒப்படைக்கலாம், பணம் கிடைக்காது. சான்றிதழே இல்லையென்றால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வனத்துறையிடம் போங்கள். கொளுத்தாதீர்கள், கல்லூரிக்கு அன்பளிப்பு என்று தூக்கிவராதீர்கள். முதல் அட்டவணை விலங்கென்றால் தண்டனை 3 முதல் 7 வருஷம் சிறை, அபராதம் ரூ. 25,000-க்குக் குறையாது. இன்னொன்று, பழைய மாதிரிகளில் ஆர்செனிக் இருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மியூசியத்தில் மிச்சமிருப்பவற்றை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தச் சீட்டுகளிலும் நம் பிள்ளைகள் பெயர்தான் இருக்கிறது.

மயில் பெட்டி காலியாகவே இருக்கட்டும். இனி யாராவது கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.